தாண்டவராயரின் இடக்கண்

குருவுக்கு நாற்பத்தாறு வயது. சீடருக்கு அறுபத்து மூன்று. எங்கள் குடிலில் இதை யாரும் வினோதமாக நினைத்ததில்லை.

குருவின் பெயர் செங்கமலம். முன்பு ரேஷன் கடையில் எடை போட்டவர். நாங்கள் எல்லோரும் அவரை அம்மா என்றுதான் அழைப்போம். சீடர் தாண்டவராயர், நில அளவைத் துறையில் முப்பத்து நாலு வருடம் சர்வேயராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறு மாதமே கல்வராயன் மலை அடிவாரத்தில் இருந்த எங்கள் குடிலுக்கு ஒரு துணிப்பையோடு வந்துவிட்டார். அம்மா அவரை ஐயா என்பார். ஒரு நாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை.

நான் அங்கே சமையல். பெயர் மரகதம். இந்த விஷயத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆகையால் நான் கோபப்படுகிற இடங்களில் பாதிக் கோபம் என் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தை மாதம் அம்மா தன் தம்பி மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். பன்னிரண்டு நாள் கழித்து, காலை ஒன்பது மணி பஸ்ஸில் இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். குடில் வாசலில் முப்பது நாற்பது ஜோடி செருப்பு கிடந்தது. அம்மா கூடத்துக்குப் போகவில்லை. பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு நேராக அடுப்படிக்கு வந்தார்.

“என்ன மரகதம், விசேஷமா?”

“ஐயாவுக்குக் கண்ணுல ஒளி வந்திருக்குங்கம்மா. பாக்க வந்திருக்காங்க.”

“ஒளியா? எந்தக் கண்ணுல?”

“இடது கண்ணுல.”

“ஏன், வலது கண்ணு என்ன பாவம் பண்ணிச்சு?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. பையை மூலையில் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு கூடத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

தாண்டவராயர் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் சம்பங்கி மாலை. இடது கண்ணின் மேல் ஈரத்துணி, அதன் மேல் நந்தியாவட்டைப் பூ. கண் குளிர்ச்சிக்கு எங்கள் பக்கத்தில் வைப்பதுதான். பக்கத்தில் பூவராகன் கற்பூரத் தட்டோடு நின்றிருந்தான். அம்மா இல்லாதபோது குடிலைப் பார்த்துக்கொள்பவன் அவன். சும்மா இருக்கத் தெரியாதவன்.

அம்மாவின் குரல் கேட்டதும் தாண்டவராயர் எழுந்து கைகூப்பினார்.

“அம்மா, உங்களுக்காகத்தான் காத்திருக்கேன். ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க ஐயா.”

“இது எந்த நிலைங்கம்மா?”

“எது?”

அவர் மடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். சர்வேயர் பழக்கம். எதையும் நாள் போட்டு, அளவு போட்டு எழுதாமல் இருக்க அவரால் முடியாது. பூவராகன் நாலு நாளாக அதை வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். அம்மா நின்றபடியே படித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். எழுத்து ஒவ்வொரு பக்கத்திலும் கோட்டை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தது.

‘முதல் நாள். நெல் தூற்றும்போது இடக்கண்ணில் சுணை விழுந்தது. தண்ணீர் விட்டுக் கழுவினேன். உறுத்தல் இருக்கிறது.

இரண்டாம் நாள். கண் சிவப்பு. காரணமில்லாமல் கண்ணீர் வழிகிறது. அடைபட்டது ஏதோ திறந்திருக்கிறது.

நான்காம் நாள். வெளிச்சம் பார்க்கக் கூசுகிறது. உள்ளே திரும்பு என்று அழைப்பு.

ஆறாம் நாள். வலி காதோரம் வரை வருகிறது. சாட்சியாக இருந்து பார்த்தேன். கண்ணாடியில் கருவிழி மேல் வெள்ளையாக ஒரு புள்ளி. கடுகளவு.

ஏழாம் நாள். பக்தர் ஒருவர் சொட்டு மருந்து தந்தார். விட்டுக்கொண்டேன்.

எட்டாம் நாள். சிவப்பு குறைந்தது. வலியும் பாதி. வலியைக் கடந்துவிட்டேன் போலும்.

ஒன்பதாம் நாள். விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிகிறது. புள்ளி மிளகளவு.

பத்தாம் நாள். இடக்கண்ணால் பார்த்தால் எல்லோர் முகத்திலும் வெண்ணொளி. முகம் மறைந்து ஒளி மட்டும் நிற்கிறது.’

அம்மா நோட்டை மூடினார். அதைத் திருப்பிக் கொடுக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பயம் என்று நினைத்தேன். கோபம் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

“உக்காருங்க ஐயா.”

உட்கார்ந்தார். அம்மா பூவை எடுத்துக் கீழே போட்டார். ஈரத்துணியை எடுத்தார். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் அன்றைக்குத்தான் அந்தக் கண்ணை அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். இமை வீங்கியிருந்தது. ஓரத்தில் மஞ்சளாகப் பீளை. கருவிழியின் நடுவில் கெட்டியான வெள்ளை, அதன் விளிம்பு பிசிறு பிசிறாக இருந்தது. ஒளியாம் ஒளி! இதையா நாங்கள் கும்பிட்டோம்?

“வலது கண்ணை உங்க கையால மூடுங்க. அழுத்தாம மூடுங்க.”

மூடினார்.

“இப்ப என்ன தெரியுது?”

“ஒளி தெரியுதுங்கம்மா.”

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். சத்தமில்லாமல் தான் நின்ற இடத்தில் என்னை நிறுத்திவிட்டு, நகர்ந்து தாண்டவராயர் பின்னால் போய் நின்றுகொண்டார். என்னைப் பேசாதே என்று சைகை காட்டினார்.

நான் நின்றேன். மஞ்சள் கறை படிந்த என் சமையல் புடவையோடு, கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் நின்றேன். தாண்டவராயர் மூடிய கையை எடுக்காமல், இன்னொரு கையை என்னைப் பார்த்து நெஞ்சில் வைத்தார்.

“அம்மா, உங்க முகம் முழுக்க ஒளியா இருக்குங்கம்மா.”

முன்வரிசை அம்மாள் என் கரண்டியையே பார்த்தாள்.

“கையை எடுங்க” என்றார் அம்மா, பின்னாலிருந்து.

அவர் கையை எடுத்தார். வலது கண்ணால் என்னைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

“இத்தனை நாள்ல ஒரு தடவையாவது நல்ல கண்ணை மூடிட்டு இதால மட்டும் பாத்தீங்களா?”

“நேத்து பாத்தேங்கம்மா.”

“முகம் தெரியலேன்னதும் என்ன நெனச்சீங்க?”

“முகம் மாயைன்னு...”

“யோவ், வாயை மூடுய்யா!”

மூன்று வருடத்தில் அம்மா அவரை அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. யாரும் கேட்டதில்லை.

“கண்ணு செத்துக்கிட்டு இருக்கு. அதைக் கடுகு, மிளகுன்னு அளந்து எழுதி வச்சிருக்கே. படிச்சவன்தானே நீ? ஒரு வயல்ல வரப்பு தினம் ஒரு அடி உள்ள வந்தா என்னன்னு எழுதுவே? ஆக்கிரமிப்புன்னு எழுத மாட்டே?”

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

“இங்க எத்தனை பேரு இருக்கீங்க? நாப்பது பேரு? எம்பது கண்ணு இருந்தும் ஒருத்தருக்கும் தெரியலையா?”

எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. அவருடைய துண்டைத் தினமும் துவைத்தவள் நான். ஆறாம் நாளிலிருந்து அதில் மஞ்சள் கறை விறைத்துக்கொண்டிருந்தது. தினமும் கிணற்றடி வெயிலில் வந்து உட்கார்கிற மனிதர் அந்தப் பக்கமே வராமல் போனார். முந்தின நாள் மோர் ஊற்றிக்கொள்ளும்போது டம்ளரை விட்டுத் தரையில் ஊற்றினார். இந்த உலகத்து நினைப்பே இல்லாமல் இருக்கிறார் என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வீட்டில் என் புருஷன் மோரைத் தரையில் ஊற்றியிருந்தால் கண் தெரியவில்லையா என்று கேட்டிருப்பேன். இவரிடம் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பூவராகன்தான் மெதுவாக ஆரம்பித்தான்.

“அம்மா, சாயங்காலம் சின்னசேலத்துலேர்ந்து ஒரு வேன் நிறைய வராங்க. சொல்லிட்டேன். இன்னிக்கு ஒரு நாள் இருந்துட்டு நாளைக்குக் காலைல...”

“வந்தா என்ன காட்டுவே?”

“இல்லம்மா, சிவப்பெல்லாம் போயிடுச்சே. முதல்ல எப்படி இருந்துச்சு தெரியுங்களா? மருந்து விட்டப்பறம் எவ்வளவோ தேவலை.”

“தேவலைன்னா, ஏன்டா மரகதத்தைப் பாத்து அம்மாங்கறாரு?”

அவன் தட்டைக் கீழே வைத்தான்.

“அந்தச் சொட்டு மருந்தை எடுத்துட்டு வா. நோட்டு எங்கிட்ட இருக்கட்டும். ஆட்டோவைக் கூப்புடு. மாலையைக் கழட்டுங்க.”

மாலையை அவரே கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் வாங்கிக்கொண்டேன்.

டவுன் கண் ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம். வெயில் பட்டபோதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா முந்தானையால் வெயிலை மறைத்தபடியே வந்தார். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் இளைஞர். முப்பது வயதுகூட இருக்காது. தாண்டவராயரின் தாடையைக் கருவியில் வைக்கச் சொல்லி, விளக்கை அடித்து, வெகுநேரம் உள்ளே பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

“எப்ப ஆரம்பிச்சது?”

அம்மா நோட்டை நீட்டினார்.

டாக்டர் படித்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, தலையைத் தூக்கி எங்கள் மூவரையும் பார்த்தார். மறுபடி படித்தார்.

“இதை எழுதினது யாரு?”

“நான்தாங்க” என்றார் தாண்டவராயர்.

“என்ன வேலை பாத்தீங்க?”

“சர்வேயருங்க.”

“அதான் பாத்தேன். நான் கேக்க வேண்டிய கேள்விக்கெல்லாம் இதுல பதில் இருக்கு. உறுத்தல், சிவப்பு, கூச்சம், வலி. அப்புறம் புள்ளி. புள்ளி பெருசாகுது. விளக்கைச் சுத்தி வளையம், பார்வை மங்கல். கருவிழிப் புண்ணு முத்திக்கிட்டு வருதுன்னு ஒருத்தருக்குப் பாடம் எடுத்தா நான் இதே வரிசைலதான் எடுப்பேன். இவ்வளவு சுத்தமா எழுதிட்டு எந்த நோயாளியும் என்கிட்ட வந்ததில்ல.”

அவர் குரல் உயர்ந்தது.

“ஒவ்வொரு நாளும் மோசமாகுதுன்னு உங்க கையால எழுதியிருக்கீங்களே ஐயா. எழுதிட்டு எப்படி உக்காந்திருந்தீங்க?”

“சிவப்பு குறைஞ்சதுங்க. வலியும் குறைஞ்சது.”

அம்மா சொட்டு மருந்தை மேசை மேல் வைத்தார். டாக்டர் பெயரைப் படித்துவிட்டு அதைத் தள்ளி வைத்தார். தள்ளியதில் அது உருண்டு கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

“இது சிவப்பை அடக்கும். நெல்லு, தழை பட்ட கண்ணுல பெரும்பாலும் பூஞ்சைக் கிருமிதான் வரும். அதுக்கு இதை விட்டா, தீனி போட்ட மாதிரி. வெளியில வெளுப்பா இருக்கும், உள்ள அரிச்சுக்கிட்டே போகும். உங்களுக்கு உள்ள சீழ் கட்டி அடியில தேங்கியிருக்கு. யார் குடுத்தது இதை?”

“ஒரு பக்தர்.”

“பக்தரா? அவர் டாக்டரா?”

“ஜவுளிக்கடை வச்சிருக்காருங்க.”

டாக்டர் கண்ணை ஒரு நிமிடம் மூடிக்கொண்டார். பிறகு அம்மாவிடம் பேசினார்.

“புண்ணைச் சுரண்டி எடுத்துச் சோதிச்சுப் பாக்கணும். இப்பவே படுக்க வைக்கிறோம். ராத்திரி பகல் பாக்காம மணிக்கு ஒரு தரம் மருந்து விடணும். ரெண்டாம் நாளோ மூணாம் நாளோ வந்திருந்தா நிலைமையே வேற. இப்ப முதல்ல கண்ணைக் காப்பாத்தணும். தழும்பு நிக்கும். பார்வை எவ்வளவு மிஞ்சும்னு என்னால சொல்ல முடியாது.”

“கண்ணு போயிடுமா?” என்று நான் கேட்டுவிட்டேன்.

“இன்னும் நாலு நாள் ஒளி பாத்துட்டு இருந்திருந்தீங்கன்னா போயிருக்கும்” என்றார் டாக்டர். அவருக்கும் கோபம் அடங்கவில்லை. அடங்க வேண்டிய அவசியமும் இல்லை.

சோதனைக்கு எடுத்து முடித்து, முதல் சொட்டு விட்டு, வார்டில் கட்டில் தயாராகும் வரை எங்களை வராந்தா பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். தாண்டவராயர் நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும். நர்ஸ் ஒரு கடிகாரத்தைக் காட்டி, அடுத்த சொட்டு ஒன்றரைக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள். நேரம் ஒன்றாகக்கூட ஆகவில்லை.

தாண்டவராயர் கடிகாரத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு பேசினார். அவர் குரலில் பணிவு இல்லை.

“அம்மா, எனக்கு ஒரு நியாயம் வேணும்.”

“சொல்லுங்க ஐயா.”

“மூணு வருஷமா தினம் சாயங்காலம் என்ன சொல்லிக் குடுத்தீங்க? இந்த உடம்பு நான் இல்லன்னு. நான் நம்பினேன். பென்ஷன் வாங்குற வயசுல பாயைச் சுருட்டிக்கிட்டு வந்து, உங்களைவிடப் பதினேழு வயசு பெரியவன், உங்க காலடில உக்காந்து கேட்டேன். வலி வந்துது. அது நான் இல்லன்னு பாத்தேன். பார்வை போச்சு. அதுவும் நான் இல்லன்னு இருந்தேன். உங்க பாடத்தை ஒரு எழுத்து விடாமப் படிச்சது தப்பா? அதுக்கா நாப்பது பேரு முன்னால என்னை யோவ்னு கூப்புட்டீங்க?”

அவர் நல்ல கண்ணிலிருந்தும் நீர் வழிந்தது. அதற்குக் காரணம் இருந்தது.

எனக்கு அவர் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. அம்மா என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்தேன்.

“நான்தான் சொன்னேன்” என்றார் அம்மா. “இப்பவும் அதேதான் சொல்றேன்.”

“அப்புறம்?”

“போன ஆடியில நம்ம ஆட்டுக்குட்டியைக் கருவேல முள்ளு கண்ணுல கிழிச்சுதே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“யாரு முதல்ல பாத்தது?”

“நான்தான்.”

“என்ன பண்ணீங்க?”

“தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன்.”

“எத்தனாவது நாளு?”

அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

“அன்னிக்கே. அப்பவே.”

“மழை பேஞ்சுதுல்ல?”

“நல்ல மழை.”

“வழியில அதுக்குத் தத்துவம் எதாவது சொன்னீங்களா?”

“இல்லம்மா.”

“அந்த ஆடு நீங்களா?”

“இல்ல.”

“நீங்க இல்லன்னு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் மழையில தூக்கிட்டு ஓடுனீங்க.”

தாண்டவராயரின் கை இடக்கண் வரை போனது. தொடாமல் இறங்கியது.

“இந்தக் கண்ணும் நீங்க இல்லதான் ஐயா” என்றார் அம்மா. “அதுக்காக அதை ஏன் அநாதையா விட்டீங்க?”